தங்கையின் மூளைமேல் எனக்கு இருந்த பொறாமை

என் தங்கைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தெரிந்த அன்று எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, சந்தோஷம். இதை எழுதக் கை கூசத்தான் செய்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் அத்தனையும் பொய்யாகிவிடும்.

1997-இல் எனக்கு இருபது வயது. உத்தமபாளையத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். தங்கை பிளஸ் டூ. கம்பத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை இருந்தது. கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தல் போட்ட தோட்டம், அதை ஒட்டியே வீடு. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா தோட்டமே கதியென்று கிடப்பார், அம்மா சின்னவளே கதியென்று கிடப்பாள். எங்கள் இருவருக்கும் நல்ல பெயர்கள் இருந்தாலும் அம்மாவுக்கு நாங்கள் பெரியவளும் சின்னவளும்தான். நான் பெரியவள். பெரியவளுக்கு மீனில் வால், சின்னவளுக்கு நடுத்துண்டு. பெருநாளுக்குத் துணி எடுக்கப் போனால் அவளுக்குப் பிடித்த நிறத்தைப் பார்த்துவிட்டு, மிச்சத்தில் எனக்கு. கேட்டால், "நீ பெரியவ, விட்டுக் குடுக்கக் கூடாதா?" என்பாள். மூன்றே வயது வித்தியாசத்துக்கு எவ்வளவுதான் விட்டுக் கொடுப்பது?

அவள் படிப்பில் கெட்டிக்காரி. பத்தாவதில் பள்ளிக்கே முதல். முடியும் இடுப்புக்குக் கீழே தொங்கும். நான் கரித்துக் கொட்டியதில் அந்த முடி உதிர்ந்திருக்க வேண்டும், உதிரவில்லை. எங்கள் ஊரில் கண்ணேறு என்று ஒன்று இருந்திருந்தால் அவள் ஐந்து வயதிலேயே போயிருப்பாள்.

பிளஸ் டூ அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் மத்தியானம் தோட்டத்துக்குள் ஓடி, குலை அறுத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "என்னையப் பத்தி எதுக்கு இப்பிடிப் பேசுறீக? நான் என்ன செஞ்சேன் ஒங்களுக்கு?" என்று கத்தினாள். அவர்கள் பேசியது மத்தியானக் குழம்பைப் பற்றி. கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடியே திகைத்து நின்றார்கள். அம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். இனி இவள் முதல் மார்க் வாங்க மாட்டாள் என்ற எண்ணம்தான் முதலில் ஓடியது.

பள்ளிவாசல் ஹஜ்ரத் மூன்று வாரம் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். நாலாவது வாரம் அவரே அத்தாவிடம் சொன்னார்: "பாய், ஓதுறது என் கடமை, ஓதிட்டேன். இது தலைக்குள்ள உள்ள சீக்கு மாதிரித் தெரியுது. தேனியில ஒரு டாக்டரம்மா இருக்காகளாம், கூட்டிட்டுப் போங்க."

அந்த டாக்டரம்மா மதுரையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் தேனிக்கு வந்து பார்ப்பவர். மாடியில் சின்ன அறை. தங்கையோடு தனியாக ஒரு மணி நேரம் பேசிவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். பேய், பில்லி சூனியம் எதுவும் இல்லை, வளர்ப்பிலும் குறை இல்லை, இது மூளையில் வருகிற நோய் என்றார். அத்தா நம்பவில்லை. பதினேழு வயது வரை நன்றாக இருந்த மூளைக்குத் திடீரென்று என்ன வரும் என்று கேட்டார்.

"அந்த வயசுலதாங்க வரும்" என்றார் டாக்டரம்மா. "சின்ன வயசுல மூளைக்குள்ள இணைப்புகள் தேவைக்கு மேல முளைச்சிருக்கும். பருவ வயசுல மூளை தேவையானத வச்சுக்கிட்டு மிச்சத்த வெட்டிவிடும். எல்லாருக்கும் நடக்குறதுதான். சிலபேருக்கு அந்த வெட்டு அளவுக்கு மீறிப் போயிடுதுன்னு நினைக்கிறோம்."

அத்தா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "கவாத்து மாதிரியா?"

"அதேதாங்க."

"எத்தன கண்ணு விட்டு வெட்டுது?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான்தான் சொன்னேன், திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யும்போது ஒரு குச்சியில் எத்தனை மொட்டுக்கண்ணை விடுவது என்பதில்தான் விளைச்சலே இருக்கிறது, ஒட்ட வெட்டினாலும் போச்சு, விட்டு வெட்டினாலும் போச்சு என்று. அவர் சிரித்தார். "அந்தக் கணக்கு எங்களுக்கு இன்னும் முழுசாத் தெரியாதுங்க. ஆனா மாத்திரை இருக்கு."

முப்பது வருஷம் கவாத்துக் கத்தரி பிடித்த மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அத்தா தங்கையின் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "வெட்டு கொஞ்சம் கூடிப்போச்சு, அவ்வளவுதான். துளுத்துரும்" என்றார். என் தலையை அவர் தொட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சின்னமனூர் தாண்டும் வரை வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்செல்லாம் அவள் மூளையைப் பற்றித்தான். சாப்பாடு அவள் மூளைக்கு, தூக்கம் அவள் மூளைக்கு. தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பது அவள் மூளைக்காக. எனக்கும் ஒரு மூளை இருந்தது, கேட்பாரில்லை. ஒருமுறை டாக்டரம்மா பேச்சுவாக்கில், முன்பக்க மூளை இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டுதான் இருக்கும், இந்த அக்காவுக்கும் இன்னும் முடியவில்லை என்று என்னைக் காட்டிச் சொன்னார். அந்த ஒரு வரியை ஒரு மாதம் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன்.

நான் மூளையைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான், அறிவுப் பசி எல்லாம் கிடையாது. கல்லூரி நூலகத்தில் நரம்பு மண்டலத்தைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. யாரும் எடுக்காத அதை மாதக்கணக்கில் நானே வைத்திருந்தேன். பயம் எங்கே கிளம்புகிறது, ஞாபகம் எங்கே பதிகிறது, மாத்திரை எந்தக் கதவை அடைக்கிறது என்று வரைந்து வைத்தேன். பொறாமை எங்கே இருக்கிறது என்றும் தேடினேன், புத்தகத்தில் இல்லை. டாக்டரம்மாவிடமே ஒருநாள், யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். "ஒரே இடம்னு சொல்ல முடியாதும்மா. பல இடம் சேர்ந்து செய்யிற வேலை. வலியோட சேர்த்துப் பாருங்க, புரியும்" என்றார். மாத்திரையின் பெயர், அளவு, பக்கவிளைவு எல்லாம் எனக்கு மனப்பாடம். அத்தா அக்கம்பக்கத்தில், "பெரியவளக் கேளுங்க, அவ சொல்லுவா" என்று சொல்ல ஆரம்பித்தார். தங்கையின் நோயில் நான் முதல் மார்க் வாங்கிவிட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அவள் தேறிவிட்டாள்.

ஒன்றரை வருடத்தில் குரல்கள் அடங்கின. விட்ட பிளஸ் டூவை எழுதி, அதிலும் மார்க் எடுத்து, 2000-இல் பெரியகுளத்தில் தோட்டக்கலைப் படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாள். அதே படிப்புக்கு நான் ஐந்து வருடம் முன்னால் விண்ணப்பித்து, கிடைக்காமல்தான் விலங்கியலில் சேர்ந்திருந்தேன். அம்மா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வீடு வீடாகப் போனது நான்தான்.

அவள் விடுதிக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்னால் தேனிக்குப் போனோம். பார்த்து முடித்ததும் அத்தா அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு இடம் பிடிக்கக் கீழே இறங்கிவிட்டார். டாக்டரம்மா என்னைப் படிக்கட்டருகே நிறுத்தினார். "தங்கச்சி நல்லா இருக்கிறது மாத்திரையாலதான். சரியாயிட்டான்னு வீட்டுல நிறுத்திராதீங்க. குறைக்கிற காலம் வந்தா நானே சொல்லுவேன், அதையும் கொஞ்சங்கொஞ்சமாத்தான் செய்யணும். நீங்க படிச்சவங்க, உங்கள நம்பித்தான் சொல்றேன்." சரி என்று தலையாட்டினேன். அம்மா பக்கத்தில் நின்று மாத்திரை அட்டைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவள் அங்கே நின்றதையே நான் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் காலைச் சாப்பாட்டின்போது அத்தா அந்தப் பேச்சை எடுத்தார். "மாத்திரைய இதோட நிப்பாட்டிரலாம்னு பாக்குறேன்."

அவர் கணக்கு திராட்சைக் கணக்கு. கவாத்து செய்த நாள்முதல் சாம்பல் நோய்க்கும் பூச்சிக்கும் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அறுப்புக்குச் சில வாரம் இருக்கும்போதே தெளிப்பை நிறுத்திவிட வேண்டும். பழம் வீட்டைவிட்டு வெளியே போகும்போது அதில் மருந்து தங்கி இருக்கக் கூடாது. நிறுத்தாமல் அடிக்கிற ஆளின் பழத்தை விவரம் தெரிந்த வியாபாரி தொட மாட்டான். அத்தா அதில் கறாரானவர். எங்கள் தோட்டத்துப் பழத்தைக் குமுளிக்காரர்கள் கழுவாமலே தின்பார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"விடுதியில பத்துப் புள்ளைக பாக்கும். இது என்ன மாத்திரன்னு கேக்கும். நாளைக்குச் சம்பந்தம் பேசுறப்ப அதுவே வந்து நிக்கும். நோவு போயிருச்சு, கொடி துளுத்திருச்சு. வெளிய போற நேரத்துல ஒடம்புல மருந்து எதுக்கு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீதான படிச்சவ. நீ என்ன சொல்ற?"

தங்கை தலைகுனிந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆசை தெரிந்தது. மாத்திரை இல்லாத ஒரு பெண்ணாக விடுதிக்குப் போகும் ஆசை. அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் நன்றாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும், அத்தா கேட்டிருப்பார். பெரியகுளத்து விடுதி, வெள்ளை மேலங்கி, பட்டம் வாங்கும் போட்டோ எல்லாம் கண்முன்னே வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் அவள் இருந்தாள்.

"நீங்க சொன்னா சரிதான் அத்தா" என்றேன்.

இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. கல்லூரியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். நானும் அத்தாவும் போனபோது, ஒட்டுக்கட்டிய மாங்கன்றுகளுக்கு நடுவே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். கன்றுகளில் கட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளை எல்லாம் அவிழ்த்து மடியில் குவித்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் தன்னைத் திட்டி எழுதியிருக்கிறது என்றாள். அத்தா, "ஆத்தா, எந்திரிம்மா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச்சும் வாசிச்சுப் பாருக்கா, நீ பொய் சொல்ல மாட்டேல்ல" என்றாள்.

படிப்பு அதோடு போயிற்று. திரும்பத் தேறுவதற்கு இரண்டு வருடம் ஆனது, அளவு கூடிய மாத்திரையில் உடம்பு ஊதியது, எழுதினால் கை நடுங்கியது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் இந்த நோய் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் போகும் என்றார் டாக்டரம்மா. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். அத்தா, "என் புத்திதான் கெட்டுப்போச்சு" என்று தன் தலையில் அடித்துக்கொண்டார். டாக்டரம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். எனக்கு ஜெயித்த மாதிரிதான் இருந்தது. ஜெயித்தவளுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

பிறகு நான் பி.எட். முடித்து ஜெயமங்கலத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். 2003-இல் நிக்காஹ். 2005-இல் மகள் பிறந்தாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவளுக்குப் பத்தாவது நாளிலிருந்து பிள்ளையைத் தூக்கப் பிடிக்கவில்லை. அழுகை அழுகையாக வரும். பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் இல்லை. இது செத்துப்போனால் நன்றாயிருக்கும், இல்லையென்றால் நான் செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்று தோன்றும். இத்தனை புத்தகம் படித்தவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. பச்சை உடம்புக்காரி சோம்பலாகத்தான் இருப்பாள் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள்.

கண்டுபிடித்தவள் தங்கை. அப்போது தோட்டத்தை அவள்தான் அத்தாவோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மண்கையோடு வந்து என் முகத்தையே பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "இது சோம்பல் இல்லம்மா. இந்த மூஞ்சிய எனக்குத் தெரியும். கண்ணாடியில பாத்திருக்கேன்."

அவளே என்னைத் தேனிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா அவளைப் பார்த்து முகம் மலர்ந்து, திராட்சை எப்படி, மழை உண்டா என்று பழைய சினேகிதியிடம் கேட்பதுபோலக் கேட்டார். நோயாளியாகப் போன இடத்திலும் எனக்கு இரண்டாவது இடம்தான். பிரசவத்தோடு சுரப்புகள் சட்டென்று இறங்கிவிடும், தூக்கமும் கெடும், சில மூளைகள் அதில் தடுமாறிவிடும், தாயாக ஆவதும் மூளைக்கு ஒரு பருவம்தான் என்று எனக்கு விளக்கினார். பள்ளிக்கூடத்து மூளை வேறு, பிள்ளை பெற்றவளின் மூளை வேறு, வயதானவர்களின் மூளை வேறு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் கண்டம் உண்டு என்றார்.

தங்கை தினமும் மாத்திரையை என் வாயில் போட்டு, "நாக்கத் தூக்கு" என்று பார்த்துவிட்டுத்தான் போவாள். ஆறாவது மாதம், சரியாகிவிட்டது, நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். "அறுப்புக் கணக்கெல்லாம் இங்க ஆகாதுக்கா. அந்தம்மா சொல்லட்டும்" என்றாள். என் முகம் போன போக்கை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

அந்த ஆறு மாதமும் அம்மா என்னோடு இருந்தாள். தலை வாரிவிட்டாள், கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினாள். மீனில் நடுத்துண்டும் எனக்கே வந்தது. பிள்ளையைப் பார்த்து அழுதுகொண்டே, உள்ளுக்குள், இப்போதாவது வந்தாயே என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நோய் வந்தால்தான் இவள் வருவாள் என்றால் நோயே இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

2009-இல் அம்மாவுக்கு மறதி தொடங்கியது. இருபது வருடச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு வேறு. மூளைக்குள் சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகின்றன என்று படம் எடுத்துச் சொன்னார்கள். நேற்றுச் சாப்பிட்டது மறந்துவிடும், பழசு தங்கும் என்றார் டாக்டரம்மா. நடந்தது கலங்கிப்போனாலும் அதைப் பற்றி மனதில் பதிந்த சுகமும் துக்கமும் சீக்கிரத்தில் போகாது என்றும் சொன்னார். சனி, ஞாயிறுகளில் ஜெயமங்கலத்திலிருந்து வந்து நான் பார்த்துக்கொள்வேன், மற்ற நாளெல்லாம் தங்கை.

2010-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கை கவாத்து நடக்கிற இடத்தில் நின்றாள். வெளியே, "ஏலே, ஒட்ட வெட்டாத, கண்ணு விட்டு வெட்டு" என்று அவள் ஆட்களை அதட்டுவது கேட்டது. நான் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தேன். வாங்கி விழுங்கிவிட்டு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். என் கன்னத்தில் கையை வைத்தாள்.

"சின்னவளே" என்றாள்.

நான் பெரியவள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டாள். "ஒங்கிட்ட ஒண்ணு சொல்றேன். பெரியவ கையால மாத்திர வாங்கித் திங்காத. அன்னைக்கு டாக்டரம்மா படியில வச்சுச் சொன்னாகள்ல, நிப்பாட்டக் கூடாதுன்னு. நானுந்தான் அங்கன நின்னேன். அவளுக்கு நல்லாத் தெரியும். அத்தா கேட்டப்ப வாயத் தொறக்கல. அவளுக்குச் சின்னப் புள்ளையிலருந்தே ஒம்மேல பொறாமை."

பத்து வருடம். எனக்குக் கஞ்சி ஊட்டிய ஆறு மாதமும் அதற்குள் இருந்தது.

"அப்ப நீ ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"அவ சொல்லுவா, சொல்லுவான்னு அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். சொல்லல. நானும் வாயடச்சுப் போனேன். பெறகு சொல்லி என்ன செய்ய? அத்தா அவள வீட்டவிட்டு வெரட்டிருப்பாக. எனக்கு இருக்குறது ரெண்டு புள்ள." கண்ணை மூடித் திறந்தாள். "நீ அவகிட்ட இதக் கேட்டுராத, ஆமா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. ஒனக்கு இருக்குற தெம்பு பெரியவளுக்குக் கெடையாது. கேக்க மாட்டேன்னு சொல்லு."

"கேக்க மாட்டேம்மா" என்றேன், சின்னவளாக.

அம்மா நிம்மதியாகிவிட்டாள். என் கன்னத்தை மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தத் தடவல் தங்கைக்கானது என்று தெரிந்தும் முகத்தை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தேன்.